வளைவில் வெளியே தள்ளிப்போகும் குதிரை: நடையை அளந்தால் என்ன தெரியும்?

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரியும்படி சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் உங்கள் மாமாவும் பங்கு போட்டு வாங்கிய குதிரை தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. போன பருவத்தில் நன்றாக ஓடியது. இந்தப் பருவத்தில் மொரிஷியஸ் தீவின் போர்ட் லூயிஸ் ஷாம் தெ மார்ஸ் பந்தய மைதானத்தில் வளைவு வந்தாலே வெளிப்பக்கம் தள்ளிப்போகிறது. கடைசி நேர்ப்பாதையில் முன்பு இருந்த பாய்ச்சல் இல்லை. டாக்டர் ட்ராட் (கால்கள் குறுக்காக இரண்டிரண்டாக விழும் மிதமான ஓட்டம்) விடச் சொல்லிப் பார்த்துவிட்டு நொண்டல் இல்லை என்றார். டிரெய்னர் சோம்பல் என்கிறார். இப்போது ஒருவர் சென்சார் கட்டி நடையை அளந்து தருகிறேன் என்று காசு கேட்கிறார். கொடுக்கலாமா, அளந்தால் குதிரையின் ஓட்டம் கூடுமா என்பது உங்கள் கேள்வி.

கொடுக்கலாம். ஆனால் ஒரே ஒரு நாள் அளந்து, "நொண்டுகிறது", "நொண்டவில்லை" என்று தீர்ப்பு வாங்குவதற்காக என்றால் வேண்டாம். அதே காசைப் பல அளவுகளாகப் பிரித்து, இந்தக் குதிரையின் இன்றைய நடையை இதே குதிரையின் போன மாத நடையோடு ஒப்பிடுவதற்குக் கொடுங்கள். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, கிண்டி பந்தய மைதானத்தில் தொழில் கற்று, பிறகு இந்தத் தீவுக்கு வந்த குதிரை மருத்துவர் நான். இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: நடை அளவின் பலன், ஒரு குதிரைக்கு எது வழக்கம் என்று பதிந்து வைப்பதில் இருக்கிறது. அது கையில் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கருவி தரும் எண்ணும் பாதிதான் பேசும்.

முதலில் உங்கள் டாக்டரைக் குறை சொல்லாதீர்கள். கண்ணுக்கு ஒரு எல்லை உண்டு. நான்கு கால்களும் ஒரு தடவை விழுந்து முடிவதை ஒரு எட்டு என்கிறோம். ட்ராட்டில் அது முக்கால் விநாடிக்குள் முடிந்துவிடும். அதற்குள் இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை என்று உடம்பு இரண்டு முறை இறங்கி ஏறுகிறது. இந்த இரண்டு இறக்கத்துக்கும் நடுவே ஏறக்குறைய 25 விழுக்காடு வித்தியாசம் வந்த பிறகுதான் மனிதக் கண்ணால் அதை நம்பகமாகப் பிடிக்க முடிகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 131 குதிரைகளை அனுபவமுள்ள டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்து, எந்தக் கால் நொண்டுகிறது என்று எழுதிய ஆய்வு 2010இல் வந்தது. நொண்டல் நன்றாகத் தெரிந்த குதிரைகளில் அவர்கள் 93 விழுக்காடு ஒத்துப்போனார்கள். லேசான நொண்டலில் அது 62 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. உங்கள் குதிரை இருப்பது அந்த லேசான வரிசையில்தான். அங்கே இரண்டு நல்ல டாக்டர்கள் இரண்டு பதில் சொல்வது சகஜம்.

கண்ணுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. எதை எதிர்பார்க்கிறோமோ அதைப் பார்த்துவிடுவோம். வலி எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க, மரத்துப்போக ஊசி போட்ட பிறகு குதிரையைப் பார்க்கும் டாக்டர், ஊசி போட்டது தெரிந்திருந்தால், முன்னேற்றம் உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாக மதிப்பிடுகிறார். கருவிக்கு அந்த ஆசை கிடையாது. அதற்காகவே நான் அதை விரும்புகிறேன்.

இப்போது கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். குதிரையின் அசைவைக் கருவியால் பதியும் முயற்சி 1870களிலேயே தொடங்கிவிட்டது. பிரான்ஸில் எத்தியென் ஜூல் மாரே என்பவர் குளம்புக்கு அடியில் காற்றடைத்த ரப்பர் உருண்டையை வைத்து, அது அமுங்கும் நேரத்தைக் குழாய் வழியாக, சவாரி செய்பவர் கையில் பிடித்திருந்த உருளைத் தாளில் கோடாக விழச் செய்தார். இன்று அந்த இடத்தில் தீப்பெட்டி அளவு சென்சார்கள் வந்துவிட்டன. மிசோரி பல்கலைக்கழகத்தில் உருவாகி எக்வினோசிஸ் என்ற பெயரில் விற்கப்படும் கருவியில் தலையில் ஒன்று, இடுப்பின் உச்சியில் ஒன்று, வலது முன்னங்காலில் ஒன்று. தலையும் இடுப்பும் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின, ஏறின என்று பதிவாகிறது. வலது காலில் உள்ளது, எந்த இறக்கம் எந்தக் காலுக்குரியது என்று கணக்கு வைக்கிறது. ஸ்லீப் என்ற ஸ்வீடன் செயலி சென்சாரே இல்லாமல் போன் வீடியோவிலிருந்து இதைக் கணக்கிடுகிறது. உங்களிடம் வருபவர் எதை வைத்திருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: இடமும் வலமும் ஒன்றாக அசைகின்றனவா?

இதை நீங்களே ஒரு தடவை பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். வலது முன்னங்கால் வலிக்கும் குதிரையை எதிரிலிருந்து உங்களை நோக்கி ட்ராட் விடச் சொல்லுங்கள். வலக்கால் தரையைத் தொடும்போது தலை மேலே தூக்கும். இடக்கால் தொடும்போது தலை கீழே போகும். வலிக்கும் கால்மேல் பாரத்தை விழவிடாமல் கழுத்தையும் தலையையும் தூக்கிப் பிடிக்கிறது, பிறகு நல்ல காலில் அதை இறக்குகிறது. அதே நேரம் குளம்புக்கு மேலுள்ள கணுவைப் பாருங்கள். நல்ல காலின் கணு ஆழமாக இறங்கும், வலிக்கும் காலின் கணு அவ்வளவு இறங்காது. பின்னங்கால் என்றால் பின்னாலிருந்து இடுப்பைப் பார்க்க வேண்டும், அங்கே ஒரு பக்கம் கூடுதலாக ஏறி இறங்கும். பொதுவாகத் தலையில் 6 மில்லிமீட்டருக்கும் இடுப்பில் 3 மில்லிமீட்டருக்கும் மேல் வித்தியாசம் வந்தால் கருவி அதைக் குறித்துக் காட்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வலது பின்னங்கால் வலித்தால், குதிரை முன்பக்கம் பாரத்தைத் தள்ளும்போது தலையும் ஆடும். பார்ப்பவருக்கு வலது முன்னங்கால் நொண்டுவது போலவே இருக்கும். முன்னங்காலை எக்ஸ்ரே எடுத்து, லாடத்தை மாற்றி, மாதங்கள் வீணாகும். இதைப் பிரித்தறிய முதுகும் கழுத்தும் சேரும் திமிலிலும் ஒரு சென்சார் வைக்க வேண்டும். உண்மையாகவே வலது முன்னங்கால் என்றால் தலையும் திமிலும் இரண்டுமே வலது முன்னங்காலைக் காட்டும். கோளாறு வலது பின்னங்காலில் இருந்தால் தலை வலது முன்னங்காலைக் காட்டும், திமில் இடது முன்னங்காலைக் காட்டும். அளப்பவரிடம் திமிலில் சென்சார் வைக்கிறீர்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

ஆனால் எண் வந்துவிட்டால் வலி இருக்கிறது என்று அர்த்தமில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் கருவி வாங்கினவர்கள் நல்ல குதிரைகளைக் காரணமில்லாமல் ஓய்வில் நிறுத்தியிருக்கிறார்கள். ஸ்வீடனில் 222 சவாரிக் குதிரைகளை அளந்தார்கள். அத்தனையும் நொண்டாதவை என்று உடையவர்கள் நம்பியவை, தினமும் பயிற்சியில் இருந்தவை. அவற்றில் 161 குதிரைகள், அதாவது 72.5 விழுக்காடு, அந்த 6, 3 மில்லிமீட்டர் எல்லையைத் தாண்டின. பிறகு அப்படிப்பட்ட 66 குதிரைகளுக்கு நான்கு நாள் மெலாக்சிகாம் என்ற வலி நிவாரணி கொடுத்து மறுபடி அளந்தார்கள். சமமின்மை குறையவில்லை. அந்த மருந்துக்குக் கட்டுப்படாத வலியாக இருக்கலாம், அல்லது நம்மில் சிலர் இடக்கைக்காரர்களாக இருப்பது போல அந்தக் குதிரைகளின் பிறவிப் பழக்கமாகவும் இருக்கலாம். ஒரே ஒரு நாள் அளவை வைத்து இந்த இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. போன பருவத்தில் உங்கள் குதிரை நன்றாக ஓடியபோது தலையில் 9 மில்லிமீட்டர் இருந்து, இப்போதும் 9 என்றால் நான் வேறு இடத்தில் தேடுவேன். அப்போது 2 இருந்து இப்போது 9 என்றால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்துவேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இரண்டு முன்னங்கால்களும் ஒரே அளவு வலித்தால் இடமும் வலமும் சமமாகிவிடும். தலை ஆடாது, கருவி பூஜ்யம் காட்டும். குதிரை எட்டைக் குறுக்கி, தோளைக் கட்டிக்கொண்டு, மரக்கால் வைத்தது போல ஓடும். பந்தயக் குதிரைகளில் இது அபூர்வமில்லை. "எண் சுத்தமாக இருக்கிறது, ஆனால் ஓட்டம் இல்லை" என்று சொன்னால் என் நினைப்பு முதலில் இதற்குத்தான் போகும்.

உங்கள் குதிரையின் விஷயத்துக்கு வருவோம். வளைவில் வெளியே போகிறது என்றீர்கள். ஷாம் தெ மார்ஸ் 1812இல் தொடங்கிய மைதானம். மலையடிவாரத்தில், ஊருக்கு நடுவில் அடங்கிய பாதை. ஒரு சுற்று சுமார் 1300 மீட்டர்தான், கடைசி நேர்ப்பாதை கால் கிலோமீட்டரைத் தாண்டாது. வலப்பக்கம் திரும்பித் திரும்பியே ஓட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் பெரிய சுற்றுகளில் ஓடிப் பழகிய குதிரைக்கு இது வேறு உலகம். அங்கே கேப் டவுன் கெனில்வர்த் போன்ற இடத்தில் ஓடியிருந்தால் அது இடப்பக்கம் திரும்பும் மைதானம், நம்முடையது அதற்கு நேரெதிர். உங்கள் குதிரை எந்த மைதானங்களில் எப்படி ஓடியது என்ற பழைய பதிவை முதலில் எடுத்துப் பாருங்கள். அங்கே வலப்பக்க வளைவிலும் வெளியே போயிருந்தால் கதை வேறு, இங்கே வந்து ஒரு பருவம் ஒழுங்காக ஓடிய பிறகு தொடங்கியது என்றால் வேறு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவது வகை. பழக்கமில்லாமை அதற்குக் காரணமாகாது.

வளைவில் என்ன நடக்கிறது? குதிரை உள்பக்கம் சாய்ந்தால்தான் திரும்ப முடியும். எவ்வளவு சாய வேண்டும் என்பது வேகத்தையும் வளைவின் ஆரத்தையும் பொறுத்தது. ஒரு பேச்சுக்கு வளைவின் ஆரம் 100 மீட்டர், வேகம் விநாடிக்கு 16 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சாய்வு ஏறக்குறைய 15 டிகிரி. பாதை உள்பக்கம் சரிந்திருந்தால் குளம்புக்கும் தரைக்கும் நடுவே உள்ள கோணம் குறையும், சரிவு போதாவிட்டால் குளம்பின் ஒரு ஓரத்தில் பாரம் ஏறும், கணு மூட்டு பக்கவாட்டில் நெரிபடும். வலது வளைவில் குதிரை வலக்காலை முன்வைத்து ஓட வேண்டும், நேர்ப்பாதைக்கு வந்ததும் கால் மாற்றி இடக்காலுக்குப் போகும். அந்த மாற்றத்தில்தான் களைத்த கால் இளைப்பாறுகிறது. வளைவில் வெளியே போகும் குதிரை பல நேரம் உள்பக்கக் காலை, இங்கே வலக்காலை, காப்பாற்றப் பார்க்கிறது. வளைவை அகலமாக்கினால் சாய்வு குறையும், நெரிசல் குறையும். குதிரைக்கு இது நன்றாகத் தெரியும்.

இதைத் தரையிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. 10 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் நீளக் கயிற்றில் ட்ராட் விடுங்கள். விநாடிக்கு மூன்றரை மீட்டர் வேகத்தில் போனாலே சாய்வு ஏறக்குறைய 14 டிகிரி வந்துவிடும். காலில் விழும் பாரம் பந்தயத்தில் விழுவதைவிட மிகக் குறைவு, ஆனால் சாய்வு கிட்டத்தட்ட அதேதான். அதனால் அளப்பவர் நேர்ப்பாதையில் மட்டும் அளந்துவிட்டுப் போனால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்காது. நேராக ஒரு தடவை, வலவட்டம் ஒரு தடவை, இடவட்டம் ஒரு தடவை. இதைக் கெட்டித் தரையிலும் மணலிலும் செய்ய வேண்டும். குளம்புக்குள், எலும்பில் வலி இருந்தால் கெட்டித் தரையில் கூடும், தசைநாண் கோளாறு பல நேரம் இளகிய மணலில் கூடும். இது எப்போதும் பொருந்தும் விதி இல்லை, தேடும் திசையைக் காட்டும், அவ்வளவுதான்.

வட்டத்தில் ஒரு எச்சரிக்கை. நல்ல குதிரையும் வட்டத்தில் சமமாக அசையாது. சாய்வினாலேயே உள்பக்கப் பின்னங்கால் லேசாக நொண்டுவது போன்ற எண் வரும். அது கோளாறு இல்லை. வலவட்டத்து எண்ணும் இடவட்டத்து எண்ணும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இடவட்டத்தில் சிறிய எண், வலவட்டத்தில் அதைப்போல மூன்று மடங்கு என்றால் அங்கே ஏதோ இருக்கிறது. இரண்டு வட்டத்திலும் வேகமும் வட்டத்தின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பீடு பொய். ஒவ்வொரு தடவையும் குறைந்தது 25 எட்டுகளாவது பதிவாகட்டும். கயிற்றைப் பிடித்து ஓடுபவர் தலையைக் கட்டி இழுக்கக் கூடாது, கயிறு தளர்ந்து தொங்க வேண்டும். லாயத்தில் தினமும் குதிரையைப் பார்த்துக்கொள்பவரையே ஓடச் சொல்லுங்கள். புது ஆள் கையில் குதிரை தலையைத் தூக்கிக்கொண்டு ஆடும், அந்த ஆட்டமும் எண்ணில் ஏறிவிடும்.

வலவட்டத்தில் வலது முன்னங்கால் என்று எண் காட்டினால் அடுத்த வேலை டாக்டருடையது. குளம்பின் பின்பகுதியிலிருந்து தொடங்கி, மரத்துப்போகும் ஊசியைப் படிப்படியாக மேலே போட்டு, ஒவ்வொன்றுக்குப் பிறகும் மறுபடி அளக்க வேண்டும். எந்த ஊசிக்குப் பிறகு எண் சுருங்குகிறதோ, வலி அந்த ஊசி மரக்கச்செய்த பகுதியில் இருக்கிறது. சில நேரம் வலக்கால் மரத்ததும் இடக்கால் நொண்டத் தொடங்கும். நான் மேலே சொன்ன இரண்டு கால் வலி அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். இதைப் பந்தயத் தேதிக்கு நெருக்கமாகச் செய்யக் கூடாது, அந்த மருந்துகள் எல்லாம் பந்தய நாளில் உடம்பில் இருக்கக் கூடாதவை. எந்த நாளில் செய்யலாம் என்பதை டாக்டரே கணக்கிட்டுச் சொல்லட்டும்.

ட்ராட்டில் பார்த்தது போதுமா? போதாது. குதிரை பந்தயம் ஓடுவது கேலப்பில், அதாவது முழுவேகப் பாய்ச்சலில். அங்கே நான்கு கால்களும் தனித்தனியாக விழுகின்றன, இடம் வலம் சமம் என்ற கேள்விக்கே இடமில்லை. கேலப்புக்குச் சேண வாரில் பொருத்தும் எக்விமீட்டர் போன்ற கருவிகளும், சேணத் துணிக்குள் வைக்கும் ஸ்ட்ரைட்சேஃப் போன்றவையும் இருக்கின்றன. எட்டின் நீளம், விநாடிக்கு எத்தனை எட்டு, வேகம் ஆகியவற்றை வைத்துப் பார்ப்பது நல்லது, இதயத் துடிப்பும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

இந்த எண்களின் எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு 7 மீட்டர், விநாடிக்கு 2.3 எட்டு என்றால் வேகம் விநாடிக்கு 16 மீட்டருக்குச் சற்று மேல். 1400 மீட்டர் பந்தயத்தில் 200 எட்டுகள். அதே வேகத்தில் காலை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எட்டும் வெறும் 10 சென்டிமீட்டர் குறுகினால், 200 எட்டில் 20 மீட்டர் போய்விட்டது. ஒரு குதிரை நீளத்தை 2.4 மீட்டர் என்று எடுத்தால் 8 குதிரை நீளத்துக்கு மேல் பின்தங்கல். ஏழு மீட்டரில் பத்து சென்டிமீட்டர் குறைவதைக் பாதையோரம் நின்று எந்த டிரெய்னரும் பார்க்க முடியாது. கடைசி இடத்தில் வந்ததை மட்டும் பார்த்துவிட்டுச் சோம்பல் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பந்தயக் குதிரைகளின் எட்டுகளைப் பந்தயத்துக்குப் பந்தயம் பதிந்து வைத்துப் பார்த்ததில், காயம் வருவதற்குப் பல பந்தயங்களுக்கு முன்பே வேகமும் எட்டின் நீளமும் சரியத் தொடங்கியிருந்தன. உங்கள் குதிரையின் பழைய பந்தய வீடியோக்களை உட்கார்ந்து பாருங்கள். ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை எத்தனை எட்டு என்று எண்ணுங்கள். போன பருவத்துக்கும் இந்தப் பருவத்துக்கும் எண்ணிக்கை கூடியிருந்தால் காசு செலவில்லாமலே பாதி பதில் கையில் வந்துவிட்டது. நேர்ப்பாதைக்கு வந்ததும் கால் மாற்றுகிறதா, தாமதிக்கிறதா, மாற்றவே இல்லையா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் இதில் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. முழு கேலப்பில் ஒரு முன்னங்காலில் விழும் உச்ச பாரம் உடல் எடையைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 500 கிலோ குதிரை என்றால் ஒண்ணேகால் டன், அதுவும் விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள். காலின் பின்பக்கம் ஓடும் மேல் தசைநாண் ஒவ்வொரு எட்டிலும் தன் நீளத்தில் 16 விழுக்காடு வரை நீள்கிறது. அது அறுந்துபோகும் எல்லைக்கு அதிக தூரமில்லை. அதன் உள்மையம் 45 டிகிரி வரை சூடேறுகிறது. எலும்பிலும் நுண்ணிய விரிசல்கள் விழுந்துகொண்டே இருக்கும், உடம்பு அவற்றை அடைத்துக்கொண்டே வரும். அடைப்பதைவிட விரிசல் வேகமாக விழுந்தால் ஒரு நாள் பந்தயத்தின் நடுவில் கால் முறியும். கலிஃபோர்னியாவில் 1990 முதல் மைதானத்தில் இறந்த குதிரைகளை அறுத்துப் பார்க்கிறார்கள். முறிந்த இடங்களில் பெரும்பாலானவற்றில் பழைய சேதத்தின் அடையாளம் இருந்தது. அந்தக் குதிரைகள் எல்லாம் முன்கூட்டியே ஏதோ சொல்லியிருக்கும். எட்டைக் குறுக்கியிருக்கும், வளைவில் ஒதுங்கியிருக்கும். குதிரை விழுந்தால் மேலே இருக்கும் ஜாக்கியும் விழுவார். அதனால்தான் சோம்பல் என்ற சொல்லை மற்ற எல்லாவற்றையும் தேடி முடித்த பிறகே நான் ஒப்புக்கொள்வேன்.

ஓட்டம் கூடுமா என்று கேட்டீர்கள். அளவு ஓட்டத்தைக் கூட்டாது, எதைத் திருத்த வேண்டும் என்று காட்டும். திருத்தும் இடங்களில் முதலாவது குளம்பு. முன்னங்கால் வலிகளில் பெரும்பகுதி குளம்பிலும் அதை ஒட்டியும்தான். முன்முனை நீண்டு, குதிகால் தாழ்ந்து போன குளம்பைப் பந்தய லாயங்களில் எங்கும் பார்க்கலாம். குளம்புக்குள் இருக்கும் எலும்பு தரையோடு ஏற்படுத்தும் கோணம் ஒரு டிகிரி கூடினால், அதன் பின்னாலுள்ள நேவிகுலர் எலும்பின் மேல் விழும் அழுத்தம் ஏறக்குறைய 4 விழுக்காடு குறைகிறது. கோணம் தாழ்ந்தால் அதே கணக்கில் அழுத்தம் ஏறும். லாடம் அடித்து வாரங்கள் ஆக ஆக முனை வளர்ந்து கோணம் தாழும். அதனால் புது லாடம் அடித்த மறுநாள் அளந்ததையும் ஐந்தாவது வாரம் அளந்ததையும் நேருக்கு நேர் வைக்காதீர்கள். லாடத்துக்குப் பிறகு ஒரு வாரம் கழித்து என்று ஒரே நாளை வழக்கமாக்குங்கள்.

குளம்பைப் பார்க்க உங்கள் போனே போதும். விநாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவீடியோ பல போன்களில் இருக்கிறது. போனைத் தரையோடு வைத்து, குதிரையைக் கையில் பிடித்து, கைநடையாக, போனுக்குக் குறுக்கே நடத்தச் சொல்லுங்கள். குளம்பு தரையைத் தொடும் அந்த நொடியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். குதிகால் முதலில் தொட்டால் அல்லது முழுக் குளம்பும் தட்டையாக இறங்கினால் நல்லது. முனை முதலில் குத்தி, பிறகு குதிகால் தயங்கி இறங்கினால், குதிகால் பக்கம் வலியோ பயமோ இருக்கிறது. இந்த வீடியோவை லாடம் அடிப்பவரிடம் காட்டுங்கள். அறிக்கைத் தாளைப் படிக்காதவர்கூட இதைப் பார்த்ததும் புரிந்துகொள்வார், அடுத்த லாடத்தில் கை வேறு மாதிரி வேலை செய்யும்.

வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். கடைவாய்ப் பற்களின் ஓரம் கூர்மையாகி கன்னத்தைக் கிழித்திருந்தால், ஜாக்கி வலது வாரை இழுக்கும்போது குதிரை தலையைத் திருப்பிக்கொண்டு வெளியே போகும். இதை எந்த நடைக் கருவியும் காட்டாது. சேணத்துக்கு அடியில் முதுகையும் அழுத்திப் பாருங்கள். ஜாக்கி அமரும் விதமும் கணக்கில் சேரும். 1900ஐ ஒட்டிய வருடங்களில் ஜாக்கிகள் நிமிர்ந்து உட்காருவதை விட்டுக் குட்டை அங்கவடியில் குனிந்து நிற்கத் தொடங்கியபோது பந்தய நேரங்கள் 5 முதல் 7 விழுக்காடு குறைந்தன. குதிரை ஒவ்வொரு எட்டிலும் முன்னும் பின்னும் மேலும் கீழும் ஆடும்போது, ஜாக்கி தன் முழங்காலை மடக்கி நீட்டித் தன் எடையை அந்த ஆட்டத்திலிருந்து விலக்கி வைக்கிறார். குதிரைக்கு அவரைத் தூக்கிச் சுமக்கும் வேலை உண்டு, அவரை ஒவ்வொரு எட்டிலும் ஆட்டும் வேலை இல்லை. ஒரு பக்கம் கூடுதலாக மிதிக்கும் ஜாக்கி இதைக் கெடுத்துவிடுவார். வேறு ஜாக்கி ஏறினால் வளைவில் ஒழுங்காகத் திரும்புகிறதா என்று ஒரு காலைப் பயிற்சியில் பார்த்துவிடலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பதில் கிடைக்கும்வரை வலி நிவாரணி கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். பந்தயச் சட்டம் அனுமதிக்காது என்பது ஒரு பக்கம். வலி போனதும் குதிரை அந்தக் காலைக் காப்பாற்றுவதை நிறுத்திவிடும், விரிசல் மட்டும் அப்படியே இருக்கும். எக்ஸ்ரே சுத்தமாக வந்தாலும் முழு நிம்மதி கொள்ள முடியாது, ஆரம்ப நிலை விரிசல் பல நேரம் எக்ஸ்ரேயில் தெரியாது.

அளக்க வருபவரிடம் காசு பேசுவதற்கு முன் கேளுங்கள்: இரண்டு வட்டமும் அளப்பாரா, டாக்டர் ஊசி போடும் நாளில் கூட வருவாரா, எண்களின் மூலப் பதிவை உங்களுக்குத் தருவாரா? "இந்தக் காலில் இந்த நோய்" என்று அவரே அறிக்கையில் எழுதித் தருவதாகச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள், அது அவர் வேலை இல்லை. எல்லாவற்றுக்கும் சரி என்றால் இந்த வாரமே முதல் அளவை எடுங்கள், முடிவு தெரியும்வரை பந்தயத்தில் பெயர் கொடுக்க வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லுங்கள். கைநடையும் லேசான ட்ராட்டும் போதும். காரணம் கிடைத்து, சிகிச்சையும் ஓய்வும் முடிந்து குதிரை மறுபடி கேலப் போகத் தொடங்கியதும் திரும்ப அளந்து, அந்த எண்களைத் தேதியோடும், எந்தத் தரை, லாடம் அடித்து எத்தனை நாள் என்ற குறிப்போடும் ஒரு நோட்டில் எழுதி லாயத்திலேயே வையுங்கள். அதன் பிறகு மாதம் ஒரு தடவை அளந்தால் போதும். வலவட்டத்து எண்ணும் பந்தய வீடியோவும் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள், உங்கள் டாக்டரோடு சேர்ந்தே பார்க்கிறேன்.